எதிரி எழுதி வைத்த சாட்சி: உலகின் மிகப் பெரிய போர்க்கலைஞர் யார்?

மல்லாங்கிணற்றிலிருந்து பேசுகிறேன். சாயங்காலம் கம்பு சுற்றி முடித்துவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கும் நம்ம ஊர்ப் பையன்களிடம் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். உலகத்திலேயே பெரிய சண்டைக்கலைஞன் யார்? ஒருத்தன் புரூஸ் லீ என்பான். இன்னொருத்தன் போதிதர்மர் என்பான். “சீனாக்காரனுக்கே சொல்லிக்கொடுத்தவருடா அவரு” என்று குரலை உயர்த்துவான். மூத்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எம்.ஜி.ஆர். பெயரும் வந்துவிடும். எனக்கு இந்த வழக்கு பிடிக்கும். வெளிநாட்டிலும் சினிமாவிலும் தேடுகிறவர்கள், நம்ம ஊரிலிருந்து காரியாபட்டி, திருச்சுழி வழியாக நரிக்குடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் எப்படி விசாரிப்பது என்று பேசிவிடுவோம். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்தவர்களை ஒரே களத்தில் இறக்கிவிட முடியாது. புரூஸ் லீயையும் மல்யுத்த வீரர் காமா பயில்வானையும் மோதவிட்டுப் பார்க்க வழியே இல்லை. நம்மால் முடிந்தது ஒன்று: இவர் பெரிய வீரர் என்று சொல்வது யார், அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பது. ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சியை விசாரிக்கும் முறை அதுதான். அந்த முறையிலேயே ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சியம் புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லன் ஒருவனை மற்போரில் வீழ்த்திய சேதி அது. பாடியவர் சாத்தந்தையார். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனுடைய பிடியைத் தடுத்துப் பின்னால் வளைத்த விதத்தைக்கூட அவர் சொல்லிவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்க்காதவருக்கு அந்தக் கால் கணக்கு தெரிந்திருக்காது. கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் ஆகாது. மகனுடைய இந்த ஆட்டத்தைத் தந்தை பார்க்க வேண்டுமே என்ற தவிப்பும் பாட்டில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய களத்து வர்ணனை என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சாத்தந்தையார் கிள்ளியின் பக்கம் நிற்கும் புலவர். அவனைப் பாடிய இன்னொருவரான நக்கண்ணையார் அவன்மேல் காதல் கொண்டவர். இரண்டுமே வேண்டியவர் சாட்சி.

ஜப்பானில் மியாமோட்டோ முசாஷி. 1645-ல் இறந்த வாள் வீரர். அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் தோற்றதே இல்லை என்று பெயர். அந்தக் கணக்கை எழுதியவர் அவரேதான், தன் கடைசிக் காலத்தில். அவருடைய நூலை இன்றைக்கும் உலகம் படிக்கிறது, படிக்க வேண்டியதுதான். சாட்சி என்று வரும்போது அது தன் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

போதிதர்மரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு, அவர் காஞ்சிபுரத்திலிருந்து போய் ஷாவோலினில் சண்டைக்கலை கற்பித்தார் என்பது நம் பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அவர் வழியில் வந்த தான்லின் என்பவர், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று எழுதுகிறார். அவர் தென்னாட்டுக்காரர் என்பதற்கு ஆதாரம் உண்டு, அது நமக்குப் பெருமை. ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் எதுவும் அவர் சண்டை கற்பித்ததாகச் சொல்லவில்லை. அவரைத் தேகப் பயிற்சியோடு இணைக்கும் நூல் 17-ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, சுமார் ஆயிரத்து நூறு வருடம் கழித்து. தியானத்துக்காக உலகம் வணங்கும் ஒருவரை நாம் வம்படியாகச் சண்டைக்களத்துக்கு இழுத்துவர வேண்டியதில்லை.

காமா பயில்வான் விஷயம் வேறு. 1878-ல் அமிர்தசரஸ் பக்கம் பிறந்தவர். 1910-ல் லண்டன் போனார். அங்கே போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதியபோது, ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு ஒட்டிப் படுத்துத் தப்பித்தார். முடிவு தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி மோதலாம் என்று தேதி குறித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குப் போனது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள், ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது. லண்டன் பத்திரிகைகள் சாட்சி, கூடியிருந்த கூட்டம் சாட்சி, வராமல் போன எதிராளியும் சாட்சி. மல்யுத்தம் என்ற ஒரு கலைக்குள் காமாவை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து.

புரூஸ் லீ 1973-ல் 32 வயதில் இறந்துபோனார். ஒரே முறையைக் கட்டிக்கொண்டு அழாமல், எது பயன்படுகிறதோ அதை எடுத்துக்கொள் என்று ஒரு தலைமுறையையே யோசிக்கவைத்தவர். போட்டி மேடையில் அவர் ஏறியது மிகக் குறைவு. எம்.ஜி.ஆர். முறையாகச் சிலம்பம் பழகியவர். ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் அவர் கம்பெடுத்ததைப் பார்த்துக் கம்பெடுத்தவர்கள் உண்டு. இவர்கள் இருவருக்கும் கேமரா சாட்சி. கேமராவுக்கு முன்னால் எதிராளி எப்போது விழ வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

இப்போது நரிக்குடிக்கு வருகிறேன். நரிக்குடி பக்கத்தில் முக்குளம். இன்றைக்கு அது நம் விருதுநகர் மாவட்டம். மருது சகோதரர்களில் அண்ணன் பெரிய மருது 1748-லும், தம்பி சின்ன மருது 1753-லும் பிறந்த ஊர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிக்குச் சேர்ந்தவர்கள். 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டபோது, அவருடைய மனைவி வேலு நாச்சியாரைப் பத்திரமாக விருப்பாச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் நாச்சியார் சீமையை மீட்டபோது கூடவே நின்றவர்கள். வேலு நாச்சியார் வளரி என்னும் எறி ஆயுதமும் சிலம்பமும் வாளும் பழகியவர் என்பது சிவகங்கைச் சீமை சொல்லும் வரலாறு. எட்டு வருடம் காத்திருந்து நாட்டை மீட்ட அந்தத் துணிச்சலுக்குத் தனியாகவே ஒரு காணொளி போட வேண்டும்.

சின்ன மருதுவின் கை வித்தையைப் பற்றி நமக்குச் சொல்பவர் யார் தெரியுமா? அவரை வேட்டையாடிய கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்த ஓர் அதிகாரி. பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1795 பிப்ரவரியில், இன்னும் இருபது வயதுகூட நிறையாத இளைஞராக, சிறுவயல் அரண்மனைக்கு வந்து, அப்போது சீமையை நிர்வகித்துவந்த சின்ன மருதுவைப் பார்த்தார். வாசலில் காவல் இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம் என்பதைப் பார்த்து அசந்துபோனார். வழிப்போக்கனாக வந்தவரைச் சின்ன மருது நண்பராக்கிக்கொண்டார். வெல்ஷ் மதுரையில் இருந்தவரை நல்ல அரிசியும் பழமும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அதோடு நிற்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் அந்த இளைஞருக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருதுதான். இதை வெல்ஷே தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அந்த வளரி நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்றும் சொல்கிறார். நூறு கஜம் என்றால் முன்னூறு அடி.

வளரி என்பது பிறை வடிவ ஆயுதம். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் செய்வதுண்டு. ஒரு முனை கனமாக இருக்கும், இன்னொரு முனை லேசாக இருக்கும். வெளி விளிம்பு கூர்மையானது. லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்றுச் சுற்றி, வேகம் ஏறியதும் விட வேண்டும். எறிந்தவர் கைக்கே அது திரும்பி வரும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். வெல்ஷ் பேசுவது குறியைப் பற்றி மட்டும்தான். திரும்பி வருவதாக அவர் சொல்லவில்லை. ஓடுகிறவன் காலை முறிக்கும் கனத்தில் செய்த ஆயுதத்துக்குத் திரும்பி வருவது வேலை இல்லை. முன்னூறு அடியில் குறி தப்பாமல் அடிப்பது போதாதா? அதற்கு மேல் ஏன் மாயம் சேர்க்க வேண்டும்?

பெரிய மருதுவைப் பற்றியும் வெல்ஷ் எழுதுகிறார். ஆஜானுபாகு, வேட்டைப் பிரியர், காட்டு மிருகங்களோடு மோதுவதில் ஆசை உள்ளவர். வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று பேச்சு உண்டு என்கிறார். இங்கே வெல்ஷின் நேர்மையைக் கவனியுங்கள். தம்பியிடம் தானே கற்றதைத் தான் கற்றதாகச் சொல்கிறார். அண்ணன் ரூபாயை வளைத்ததைக் கேள்விப்பட்டதாக மட்டும் சொல்கிறார். இப்படிப் பிரித்துப் பேசும் சாட்சியை நம்பலாம்.

1801 வந்தது. ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருதுவின் ஜம்புத்தீவு அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து கும்பினியை எதிர்க்க அழைத்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பினியிடம் விழுந்தபின், அங்கே போரிட்டுத் தப்பிவந்த ஊமைத்துரைக்குச் சிறுவயலில் அடைக்கலம் கிடைத்தது. கும்பினிப் படை சிறுவயலை நெருங்கியபோது ஊர்க்காரர்களே தங்கள் ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட, கர்னல் அக்னியூவின் படை ஒரு மாதம் மல்லுக்கட்டியும் முடியாமல் கைவிட்டது. துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்தவர்களை ஈட்டியும் வளரியும் வேல்கம்பும் பிடித்தவர்கள், மரங்களுக்கு நடுவில் நிறுத்திவைத்தார்கள். வேறு வழியாகப் போய் அக்டோபர் தொடக்கத்தில்தான் காளையார்கோவிலைப் பிடிக்க முடிந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

வெல்ஷ் அந்தப் படையில் இருந்தார். தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவரைக் காட்டு விலங்கைப்போல் துரத்த வேண்டியிருந்ததையும், தொடை எலும்பு முறிந்து அவர் சிறையில் கிடந்ததையும், கடைசியில் தூக்குமரத்தில் தொங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறார். சின்ன மருதுவின் பதினைந்து வயது மகன் துரைச்சாமியை மற்றவர்களோடு பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே போனபோது, முதுமை தட்டிய தோற்றத்தில் ஒருவர் வந்து முன்னால் நின்றார். அவர்தான் துரைச்சாமி.

வெல்ஷின் நூல் 1830-ல் லண்டனில் வெளிவந்தது. சின்ன மருது இறந்து 29 வருடம் ஆகியிருந்தது. அவரைப் புகழ்ந்து வெல்ஷுக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை. கும்பினி அதிகாரி ஒருவர், தூக்கிலிட்ட கலகக்காரரைத் தன் ஆசான் என்று அச்சில் ஒப்புக்கொள்வது லேசான காரியமா? முசாஷிக்குத் தன் பேனா இருந்தது. கிள்ளிக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். புரூஸ் லீக்குக் கேமரா இருந்தது. சின்ன மருதுவுக்கு எதிரியின் எழுத்து இருக்கிறது.

தூக்கிலிட்டதோடு கும்பினி நிறுத்தவில்லை. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் வந்த அறிவிப்பு, தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையும் பழகுவதையும் அடக்கியது. அதற்குப் பிறகு கம்பு கோயில் திருவிழாவில் விளையாட்டாகத் தப்பிப் பிழைத்தது. வளரிக்கு அந்த வழியும் கிடைக்கவில்லை. நூறு வருடம் கழித்து, 1909-ல் வெளிவந்த ஆங்கிலேய ஆய்வாளர் தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது: வளரி வீசத் தெரிந்த வல்லுநர்கள் இப்போது யாரும் இல்லை, முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு எப்போதாவது எடுக்கிறார்கள், மற்றபடி பழைய வீரக் குடும்பங்களின் பூசையறையில் இருக்கிறது, ஆயுத பூசையன்று துடைத்து வைத்துக் கும்பிடுகிறார்கள். முன்னூறு அடியில் குறி தப்பாத ஒரு கலை, மூன்று நான்கு தலைமுறைக்குள் கும்பிடும் பொருளாகிவிட்டது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு தாங்குவதில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டிகளின் சின்னமாக வேலு நாச்சியாரையே வைத்தார்கள். சுவடு என்கிற கால்வைப்பும் கம்பு வீச்சும் தொடுமுறையும் மறுபடி மேடை ஏறியிருக்கின்றன. மகிழ்ச்சி. பொம்பளைப் பிள்ளைகள் கம்பெடுத்துச் சுற்றுவதைப் பார்க்கும்போது இன்னும் மகிழ்ச்சி.

வழக்குக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மல்யுத்தத்தில் காமா. போர்க்கலைஞர் என்று மொத்தமாகக் கேட்டால் சின்ன மருது. வித்தையும் இருந்தது, அதை அந்நியனுக்கும் ஒளிக்காமல் கற்றுக்கொடுக்கும் மனசும் இருந்தது, சொந்த மக்களுக்காக அதைக் களத்தில் பயன்படுத்தவும் செய்தார். இதை மறுப்பவர்கள் இதே தரத்தில் ஒரு எதிரியின் சாட்சியத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியாரிடம் அவருடைய வாத்தியார் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் சொல்லும் சுவடுகளை வீடியோ எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுப் பூசையறையில் வளரி இருந்தால் அதன் நீளத்தையும் எடையையும் குறித்து, யார் காலத்திலிருந்து இருக்கிறது என்று பெரியவர்களிடம் விசாரித்து, அந்த விவரத்தை அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வருகிற ஆயுத பூசைக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.