கற்பிக்கப் போகிறவருக்கே முதல் பாடம்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், கல்லூரி ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. யார் சொல்லிக்கொடுப்பது என்ற அடுத்த கேள்வியிலேயே பேச்சு நின்றுவிட்டது. சம்பளத்துக்கு ஒரு ஆசிரியரை வைக்கலாம் என்றார் ஒருவர். நம் வீட்டு, நம் ஊர்க் கல்லூரி மாணவர்களே செய்யட்டும் என்றார் இன்னொருவர். உடனே, "அவங்களுக்கே இங்கிலீஷ் தடுமாறுதே, அவங்க என்ன சொல்லிக்கொடுப்பாங்க?" என்று ஒரு குரல் எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் என்னை இன்று பேசச் சொன்னார்.

முதலில் நம் மாணவர்களின் நிலையைப் பார்ப்போம். நெம்மேலியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. முன்பு அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. அங்கும் இதைப் போன்ற மற்றக் கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பட்டப்படிப்பில் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் உண்டு. தேர்வும் எழுதுகிறார்கள், தேர்ச்சியும் பெறுகிறார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் நா எழுவதில்லை. இது அறிவுக் குறைவு அல்ல. ஆங்கிலத்தை அவர்கள் கேட்டிருக்கிறார்கள், படித்திருக்கிறார்கள், மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அதை வைத்து இன்னொரு மனிதருக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டிய தேவைதான் அவர்களுக்கு வந்ததே இல்லை. கற்பித்தல் அந்தத் தேவையை உண்டாக்குகிறது.

இது புதிய யோசனை இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். வாத்தியார் இல்லாத நேரத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லி, ஒப்பிக்கக் கேட்டு, ஒழுங்கு பார்த்த மூத்த மாணவர் அவர். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இதைக் கவனித்தார். எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் காப்பகம் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. மணலில் எழுத்துக் கற்பிக்கச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. அதனால் ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார் பெல். அது நன்றாகவே நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

அதே முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மலிவாகப் பாடம் நடத்தலாம் என்று அதைப் பயன்படுத்தினார்கள். மாணவத் தலைவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. பாடம் வெறும் ஒப்பித்தலாகப் போயிற்று. சம்பளம் கொடுக்காமல் ஆள் கிடைக்கிறார்கள் என்று நம் சங்கமும் நினைத்தால் நமக்கும் அதுதான் நடக்கும்.

இரண்டாவது உதாரணமும் நம் மாநிலத்தில் நடந்ததுதான். 1959 வாக்கில் சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி கொடுக்கும் முயற்சி தொடங்கியது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்த குழுவுக்கு, அவர்கள் அடுத்தவர்களுக்கு. உருட்ட உருட்டப் பெருக்கும் பனிப்பந்து போல என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே பெயர் வந்தது. இப்படி அடுக்கடுக்காகப் பயிற்சி போகும்போது ஒவ்வொரு படியிலும் சாரம் கொஞ்சம் குறையும். மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது போலத்தான். ஆகவே நம் திட்டத்தில் பயிற்சி பெறுகிறவர்களே நேராகப் பிள்ளைகளிடம் போக வேண்டும். நடுவில் படிகள் வேண்டாம். பயிற்சியும் ஒருமுறை கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது. வாராவாரம் தொடர வேண்டும்.

மூன்றாவது, என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979-இல் பெங்களூரில் தொடங்கி, தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஐந்து ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லிப் பயிற்சி கொடுப்பதை அவர் முதன்மையாக வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. கவனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் எண்ணம். உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்று இதைப் படிக்கிறார்கள்.

நம் ஊரில் இதை எப்படிச் செய்யலாம்? கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2013-இல் திறந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் திறந்தது நாளுக்கு 15 கோடி லிட்டர் திறன் கொண்டது. ஒரு பிள்ளையிடம் முதல் நிலையத்தின் விவரம் எழுதிய அட்டை, இன்னொரு பிள்ளையிடம் இரண்டாவதன் விவரம். ஒருவர் அட்டையை ஒருவர் பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போது திறந்தார்கள், எவ்வளவு தண்ணீர், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? மாமல்லபுரம் போகும் பேருந்து நேரம், அன்றைய மீன் விலை, எல்லாவற்றையும் இப்படிப் பாடமாக்கலாம்.

சரி, இதில் கற்பிக்கிற மாணவருக்கு என்ன லாபம்? ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை "டிட் ஹி கேம்?" என்று கேட்கிறது. தவறு என்று நம் கல்லூரி மாணவிக்குத் தெரியும். ஏன் தவறு என்று சொல்ல வேண்டும் என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தமிழில் 'வந்தான்' என்பதோடு 'ஆ' சேர்த்தால் 'வந்தானா?' ஆகிவிடுகிறது. வினைச்சொல்லை நாம் தொடுவதில்லை. அதே பழக்கத்தில்தான் அந்தப் பிள்ளை 'கேம்' என்பதை அப்படியே விட்டுவிட்டது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதும் இறந்தகாலம் 'டிட்' என்ற சொல்லுக்குள் போய்விடுகிறது. ஒருமுறை சொன்னால் போதும், அதனால் 'டிட் ஹி கம்?'. இதை ஒரு பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட்ட மாணவி நேர்முகத் தேர்வில் அந்தத் தவறைச் செய்யமாட்டாள்.

உச்சரிப்பும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிற வழக்கம் ஏன் போதாது என்று பிள்ளைக்கு விளக்கப் போகிறவர் முதலில் தன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஜெர்மனியில் ழான்-போல் மார்ட்டின் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1980-களில் தன் வகுப்பில் பாடத்தின் பகுதிகளை மாணவர்களையே நடத்த வைத்தார். கற்பித்தபடியே கற்றல் என்று அதற்குப் பெயர். அங்கே பிரெஞ்சு, இங்கே ஆங்கிலம். வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம். நான் இப்போது சொன்ன 'வந்தானா' விளக்கத்தைத் தமிழ் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நம் மாணவர்களுக்கு இருக்கிற பலம் அது. பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களும் சமீபத்தில் அதே இடத்தில் விழுந்து எழுந்தவர்கள்.

இனி, திட்டம். என் யோசனை இது.

முதலில் எட்டு மாலைகள், தலா இரண்டு மணி நேரம், மாணவர்களுக்கு மட்டும் பயிற்சி. ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடம் ஒன்று தயாரித்து, மற்ற மாணவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும். பிறகு பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். ஒரு குழுவில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு மாணவர்கள். ஒருவர் நடத்த, மற்றவர் கவனித்துக் குறித்துக்கொள்வார். மறுமுறை மாறிக்கொள்வார்கள். ஒவ்வொரு மணி நேரப் பாடத்துக்கும் ஒரு மணி நேரத் தயாரிப்பு, அதில் நானோ ஆங்கிலம் நன்கு தெரிந்த வேறு உறுப்பினரோ உடன் இருப்போம். தவறு பிள்ளைகளிடம் போய்ச் சேருவதற்கு முன் அங்கேயே பிடிபட வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "பார்த்துட்டு அடுத்த வகுப்புல சொல்றேன்" என்று சொல்லப் பழக வேண்டும். ஊகித்துச் சொல்லக் கூடாது.

26 வாரங்களுக்குக் கணக்குப் போட்டால் பயிற்சி 16 மணி, வகுப்பு 52 மணி, தயாரிப்பு 52 மணி. மொத்தம் 120 மணி நேரம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்குச் செய்ய வேண்டிய பணியும் 120 மணி நேரம்தான். கல்லூரியின் திட்ட அலுவலர் ஒப்புக்கொண்டால் இதை அதில் சேர்க்க முடியும். சங்கம் சார்பில் கடிதம் கொடுத்துக் கேட்போம்.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அதன் தொடக்க விழா இதே கடற்கரைச் சாலையில் தெற்கே, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் நடந்தது. நம் பிள்ளைகளுக்கும் போக்குவரத்துச் செலவு, மாலைச் சிற்றுண்டி, அட்டை, பேனா வாங்கும் செலவாவது சங்க நிதியிலிருந்து வர வேண்டும். தொண்டு என்று சொல்லி அவர்கள் கைக்காசைக் கரைக்க வைக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது டியூஷன் இல்லை. மதிப்பெண் உயரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கூடத்தின் கதவு திறந்தே இருக்கும். எப்போதும் பெரியவர்கள் இருவர் அங்கே இருப்பார்கள். நீங்களும் வந்து உட்காரலாம்.

குடியிருப்பு நண்பர்களுக்கும் ஒன்று. நம்மில் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வரும். பாடம் நடத்தும் மாணவரைப் பிள்ளைகள் எதிரிலேயே திருத்தாதீர்கள். குறித்து வைத்துப் பிறகு தனியாகச் சொல்லுங்கள். அதைவிட, வாரம் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுங்கள். அவர்கள் தேடித்தேடிப் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காமல் காத்திருங்கள்.

தம்பி தங்கைகளே, நல்ல ஆங்கிலம் வந்த பிறகு சேரலாம் என்று காத்திருக்க வேண்டாம். விருப்பம் உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஆறு குழு, 36 பிள்ளைகள். தொடங்க அது போதும். முதல் பயிற்சிக்கு வரும்போது, நீங்கள் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க விரும்பும் ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு வாருங்கள்.