அத்தா வீட்டுக்கு இன்றைய விலை என்ன?
(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாகப்பிரிவினையில் யாருக்கு எத்தனை பங்கு என்பதில் நம் வீடுகளில் சண்டை வருவது குறைவு. அது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. சண்டை வருவது விலையில்தான். அத்தா விட்டுப்போன பழைய வீட்டில் ஒரு மகன் குடியிருப்பார். “நானே வைத்துக்கொள்கிறேன், அக்காவுக்குப் பணமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்பார். நல்ல விஷயம்தான். எந்த விலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது? (கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டை மகளுக்கே கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கே இந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.)

சிலர் அத்தாவின் கிரயப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஏற்றிப் பார்ப்பார்கள். 40 வருடத்துக்கு முன் 90,000 ரூபாய்க்கு வாங்கிய வீடு என்று வையுங்கள். வருடம் 6 சதவீதம் ஏறியது என்றால் இன்று சுமார் 9 லட்சம். 10 சதவீதம் என்றால் சுமார் 40 லட்சம். சதவீதத்தை யார் சொல்கிறாரோ அவர் விருப்பம்தான் விலை. அந்த 90,000 உண்மையில் கைமாறிய தொகைதானா என்பது வேறு கேள்வி.

இன்னும் சிலர் அரசாங்க வழிகாட்டி மதிப்பைக் காட்டுவார்கள். அது முத்திரைத்தீர்வைக்காக வைத்த எண். 2017 ஜூனில் தமிழக அரசு அதை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் மறுபடி பழைய அளவுக்கு ஏற்றியது. 2017இல் நம் தெரு வீடுகள் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிட்டனவா?

பின் எதைப் பார்ப்பது? நம் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கடந்த மூன்று, நான்கு வருடங்களில் கைமாறிய வீடுகளைப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் புல எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைமாற்றுத் தொகை அதில் இருக்கும். கிரயங்களை மட்டும் எடுங்கள். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பிரிபடாத பாகத்தை விற்றது, உறவுக்குள் எழுதியது, ஏலத்தில் போனது, இவையெல்லாம் விலை சொல்லாது.

கிரயத்திலும் ஒரு சங்கதி. பலர் வழிகாட்டி மதிப்பைப் பத்திரத்தில் எழுதிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். பத்திரத் தொகை வழிகாட்டி மதிப்போடு அச்சாகப் பொருந்தினால் அதை நம்பாதீர்கள், வாங்கியவரிடமே கேளுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய வீடு என்றால் பத்திரத் தொகை பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். கடன் அந்தத் தொகையைப் பார்த்துத்தானே வருகிறது!

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நம் வீடு 1,200 சதுர அடி மனை, அதில் 900 சதுர அடிக்கு 40 வருடக் கான்கிரீட் கட்டடம். அடுத்த தெருவில் 1,000 சதுர அடி காலி மனை இந்த வருடம் 30 லட்சத்துக்குப் போனது, சதுர அடி 3,000. இரண்டு வருடத்துக்கு முன் இதே தெருவில் 1,200 சதுர அடி மனையில் ஒரு பழைய வீடு 37 லட்சம். கட்டடத்துக்கு 6 லட்சம் கழித்தால் மனை 31 லட்சம், சதுர அடி சுமார் 2,580.

இந்த இரண்டு வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவது? இங்கேயும் வாய்க்கு வந்த சதவீதம் வேண்டாம். ஒரே சொத்து இரண்டு முறை விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். 20 லட்சத்துக்குப் போன ஒரு மனை ஐந்து வருடம் கழித்து 27 லட்சத்துக்குப் போயிருந்தால், வருடத்துக்கு சுமார் 6 சதவீதம். இரண்டு கிரயமும் கடனில் நடந்ததாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 2023இல் வழிகாட்டி மதிப்பு ஏறியதைத்தான் சந்தை ஏறியது என்று எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி சென்னைக்கு வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது, ஆனால் அது நம் தெருவைச் சொல்லாது.

அப்படி ஏற்றினால் 2,580 என்பது 2,900 ஆகிறது. ஆக, மனை 2,900 முதல் 3,000. மெயின் ரோட்டில் 4,500க்குப் போனது நமக்குக் கணக்கில்லை. நம் சந்தில் கார் நுழையாது, கொஞ்சம் குறைத்து 2,800 என்று வைப்போம். மனை 33.6 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட, சதுர அடிக்கு 2,000 என்றால் 18 லட்சம். ஆயுள் 60 வருடம் என்று எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், 6 லட்சம். இரண்டும் சேர்த்துச் சுமார் 40 லட்சம். 38 என்றாலும் 41 என்றாலும் நான் சண்டை போட மாட்டேன். 20 என்றால் போடுவேன்.

அம்மா, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள் என்றால், 40 லட்சத்தில் அம்மாவுக்கு எட்டில் ஒன்று 5 லட்சம். மீதி 35இல் மகளுக்கு ஐந்தில் ஒன்று, 7 லட்சம். சதுர அடி 1,600 என்ற வழிகாட்டி மதிப்பில் மனையை மட்டும் கணக்கிட்டால் மொத்தம் 19.2 லட்சம். மகளுக்கு வருவது 3.36 லட்சம். பாதிகூட இல்லை. பங்கு சரியாகத்தான் பிரிக்கப்பட்டது என்று எல்லாரும் சொல்வார்கள்.

விலை சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, இதே விலைக்கு நான் வீட்டை எடுத்துக்கொண்டு உனக்குப் பணம் தரட்டுமா?” அவர் தயங்கினால் விலை குறைவு.

அப்படியும் ஒத்துவராவிட்டால் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை எல்லாரும் சேர்ந்து அழையுங்கள். கட்டணத்தைப் பங்குப்படி போட்டுக்கொள்ளலாம். எந்தக் கிரயங்களைப் பார்த்தார் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முடிவான விலையைத் தேதி போட்டு எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி தவணையில் தருவதாகச் சொன்னால் கடைசித் தவணைத் தேதியையும் அதிலேயே எழுதுங்கள். அந்தத் தேதி தாண்டினால், மீதியை அன்றைய விலைக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.