பதிவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை



வீடியோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் கேசட்டை விட்டு மெமரி கார்டுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேசட் போனது, கார்டு வந்தது என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த மாற்றத்தில் எது எளிதானது, எது நம் கையைவிட்டு நழுவியது, அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச நினைக்கிறேன். கேமராக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை இது. உங்கள் வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா, மறைந்துபோன ஒரு வித்துவானின் கச்சேரி எல்லாமே இதற்குள் அடங்கியிருக்கின்றன.

வீடியோ நாடாவின் கதை 1956-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகல நாடாவில் தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் இயந்திரத்தை அந்த ஆண்டு கொண்டுவந்தது. நவம்பர் 30-ம் தேதி சிபிஎஸ் நிறுவனம் அதில் பதிந்த செய்தி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பிறகு நாடாவின் அகலம் குறைந்துகொண்டே வந்தது. 1971-ல் சோனியின் யுமேடிக், முக்கால் அங்குலம். 1982-ல் பீட்டாகாம், அரை அங்குலம். 1995-ல் மினிடிவி, கால் அங்குலம். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் விஎச்எஸ் கேசட்டுக்குப் பிறகு வலம் வந்தது இந்த மினிடிவிதான்.

அந்தச் சின்னக் கேசட்டுக்குள் நடந்த வேலையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஹெட் எனப்படும் பதிவு முனை பொருத்திய உருளை ஒன்று நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றும். சுற்றிக்கொண்டே, ஓடும் நாடாவின் மீது சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும். ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் நாட்டில் புழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறையில், ஒரு விநாடிக்கு இப்படி 300 கோடுகள். இவ்வளவு நுணுக்கமான எழுத்தின் நடுவே ஒரு தூசி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? படத்தில் கட்டம் கட்டமாகச் சிதறல் தெரியும். ஹெட் அழுக்கானால் முகூர்த்தக் காட்சியே பதியாமல் போகலாம். ஏசி அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படியும். கேமரா எச்சரிக்கை காட்டிவிட்டு ஓட மறுக்கும். அது காய்ந்தால்தான் மேற்கொண்டு படப்பிடிப்பு. கடற்கரை ஊர்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும்.

தொழில்முறை பீட்டாகாம் கேமராவில் போடும் சிறிய கேசட் சுமார் அரை மணி நேரம் ஓடும். மினிடிவி ஒரு மணி நேரம். கேசட் முடியும் தருணம் எப்போதும் தவறான தருணமாகவே இருக்கும். எடுத்ததைப் பின்னோக்கிச் சுற்றிப் போட்டுப் பார்த்தால், மறுபடி பதியும் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பழைய காட்சியின் மேல் புதிய காட்சி ஏறிவிடும். எடிட்டிங் மேசைக்குப் போனால் காத்திருப்பு. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்குள் ஏற்ற முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும். பத்துக் கேசட் என்றால் பத்து மணி நேரம்.

நாடா இல்லாமல் பதியும் முயற்சி இந்தக் கஷ்டங்களிலிருந்துதான் பிறந்தது. 1995-ல் அவிட், இகெகாமி நிறுவனங்கள் சேர்ந்து, கழற்றி மாட்டும் ஹார்ட் டிஸ்கில் பதியும் எடிட்கேம் என்ற கேமராவைக் காட்டின. ஆனால் தொழில் உலகம் பெரிய அளவில் அசைந்தது 2003-க்குப் பிறகே. அந்த ஆண்டு சோனி, ஒளித்தட்டில் பதியும் எக்ஸ்டிகேம் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பானசோனிக், உள்ளே சுழலும் பாகமே இல்லாத பி2 கார்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அந்தக் கார்டுகளுக்கு விலையும் அதிகம், இடமும் குறைவு. அந்த நிறுவனத்தின் எச்விஎக்ஸ்200 கேமராவில் 8 ஜிபி கார்டைப் போட்டு உயர்தர எச்டியில் எடுத்தால் சுமார் எட்டு நிமிடம்தான் கிடைக்கும். கார்டு நிரம்ப நிரம்பக் காட்சிகளைக் கணினிக்கு மாற்ற ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இருந்தும் கிடைத்த பலன் பெரியது. ஒவ்வொரு ஷாட்டும் தனி ஃபைல். பழையதன் மேல் புதியது ஏறும் பயம் போயிற்று. எடுத்த ஷாட்டை அந்த இடத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பதிவுப் பொத்தானை அமுக்குவதற்குச் சில விநாடிகள் முன்பு நடந்ததையும் நினைவில் பிடித்துவைத்துச் சேர்த்துக் கொடுக்கும் வசதியும் வந்தது. மின்னலுக்கும் பறவை சிறகடித்துக் கிளம்புவதற்கும் காத்திருந்தவர்களுக்கு அது வரம். 2008-ல் வெளிவந்த ஸ்லம்டாக் மில்லியனர் படத்தின் பல காட்சிகளை மும்பைச் சந்துகளில் எடுத்தபோது, சின்னஞ்சிறு எஸ்ஐ-2கே கேமராவைக் கையில் பிடித்து, பதியும் கணினியை முதுகுப்பையில் சுமந்துகொண்டு ஓடினார்கள். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேண்டிலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே 2008-ல் வந்த கேனன் 5டி மார்க் 2, புகைப்படக் கேமராவாலேயே சினிமாத் தோற்றத்தில் வீடியோ எடுக்கலாம் என்று காட்டியது. தொழில் செய்தவர்களின் மனம் கேசட்டை விட்டு விலகத் தொடங்கிவிட்டது.

தயங்கி நின்ற பெரிய நிறுவனங்களை ஒரு பேரிடர் தள்ளிவிட்டது. 2011 மார்ச் 11. ஜப்பானில் நிலநடுக்கம், தொடர்ந்து சுனாமி. மியாகி மாநிலத்தில் தகாஜோ என்ற ஊரிலிருந்த சோனி ஆலைக்குள் கடல்நீர் புகுந்தது. ஹாலிவுட்டின் தொலைக்காட்சித் தொடர்களும் படங்களும் அப்போது பெரிதும் நம்பியிருந்த எச்டிகேம் எஸ்ஆர் நாடா அந்த ஆலையில்தான் தயாரானது. உயிரிழப்பின் துயரம் ஒருபுறமிருக்க, உலகெங்கும் அந்த நாடாவுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. இருப்பில் உள்ளதைப் பதுக்கினார்கள், பயன்படுத்திய நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். அப்படியும் சமாளிக்க முடியாதவர்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருந்த மாற்றத்தை உடனே செய்தார்கள். நாடா ஆலை மறுபடி இயங்கத் தொடங்கியபோது பலர் திரும்பி வரவில்லை.

நேயர்களே, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

கேசட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. காட்சியைப் பதிந்தது, அதையே வைத்துக் காத்தது. படப்பிடிப்பு முடிந்ததும் கேசட்டின் முதுகில் தேதியையும் இடத்தையும் எழுதி, பதிவுத் தடுப்பைத் தள்ளிவிட்டு, அலமாரியில் வைத்தால் போதும். காப்பாற்ற வேண்டும் என்று யாரும் தனியாக நினைக்கவே இல்லை. மூலப் பதிவு தானாகவே தங்கியது.

கார்டு அப்படியில்லை. அது தண்ணீர் மொண்டு வரும் குடம். கொண்டுவந்து கவிழ்த்துவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்ப வேண்டும். விலை அதிகமாக இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம், கார்டு மலிந்த பிறகும் நிலைத்துவிட்டது. காலையில் எடுத்தது மாலையில் ஹார்ட் டிஸ்குக்குப் போகும், இரவு கார்டை ஃபார்மேட் செய்வார்கள், மறுநாள் வேறு வீட்டுக் கல்யாணம். ஃபார்மேட் செய்த அந்த நொடியோடு மூலப் பதிவு என்று ஒன்று உலகத்தில் இல்லை. இருப்பது நகல் மட்டுமே. அந்த நகலும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்து, அந்த டிஸ்க் ஒருமுறை கீழே விழுந்தால், முகூர்த்தத்தை மறுபடி நடத்த முடியுமா?

அதனால்தான் பெரிய படப்பிடிப்புகளில் காட்சிகளைக் கார்டிலிருந்து மாற்றுவதற்கென்றே பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்வது வெறும் காப்பி பேஸ்ட் என்று நினைக்க வேண்டாம். கார்டுக்குள் இருக்கும் ஃபோல்டர் அமைப்பைக் குலைக்காமல் முழுதாக எடுக்க வேண்டும். பி2 கார்டில் கன்டென்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் படம் தனியாக, ஒலி தனியாக, குறிப்புகள் தனியாகக் கிடக்கும். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டால் பின்னால் ஒன்றும் பொருந்தாது. பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டி எழுதும். இரண்டு மணி நேரக் கச்சேரி பல துண்டுகளாக இருக்கையில் ஒன்று விடுபட்டால் ராக ஆலாபனை நடுவில் அறுந்துபோகும்.

காப்பி எடுத்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இருக்கிறது. ஃபைலில் உள்ள எண்கள் அனைத்தையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தினால் சிறிய விடை ஒன்று கிடைக்கும். அதைச் செக்சம் என்கிறார்கள். மூலத்தின் விடையும் நகலின் விடையும் ஒன்றாக இருந்தால் நகல் பழுதில்லை என்று நம்பலாம். இரண்டு வெவ்வேறு டிஸ்குகளில் நகல் எடுத்து, இரண்டையும் இப்படிச் சரிபார்த்து, ஒன்றை வேறு கட்டிடத்துக்கு அனுப்பிய பிறகுதான் கார்டை அழிக்கலாம் என்பது தொழில் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. இதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும், கூலி வேண்டும். கேசட் வாங்கும் செலவு மிச்சமானது உண்மை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு இங்கே வந்திருக்க வேண்டும். பல இடங்களில் வரவில்லை.

பணம் இருந்தால் மட்டும் இது கைகூடும் என்றும் இல்லை. கேசட்டே இல்லாமல் எடுப்பது, எடிட் செய்வது, சேமிப்பது அனைத்தையும் ஒரே கணினி அமைப்பில் செய்ய பிபிசி 2008-ல் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 2013 மே மாதம் அதைக் கைவிட்டது. நஷ்டம் கிட்டத்தட்ட 10 கோடி பவுண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் மறைந்தபோது, பழைய காட்சிகள் அடங்கிய கேசட்டுகளை லண்டனுக்குள் டாக்சியிலும் சுரங்க ரயிலிலும் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கருவியை வாங்கிவிடலாம். அதற்கேற்ற வேலை ஒழுங்கை மனிதர்கள் நாளுக்கு நாள் பழகித்தான் உண்டாக்க முடியும்.

அப்படியானால் கேசட் காலம்தான் பொற்காலமா? நிச்சயமாக இல்லை. நாடா விலை கூடுதலாக இருந்த 1960-களிலும் 70-களிலும் பிபிசி ஏராளமான நிகழ்ச்சிகளின் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தியது. டாக்டர் ஹூ தொடரின் பழைய பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவை இன்னும் கிடைக்கவில்லை. அலமாரியில் தங்கிய நாடாவுக்கும் ஆயுள் உண்டு. காந்தப் பூச்சைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் வேண்டுமே! ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் விஎச்எஸ் இயந்திரத் தயாரிப்பை நிறுத்தியது. நாடாவில் உள்ளவற்றை டிஜிட்டலுக்கு மாற்ற 2025-ம் ஆண்டையே கெடுவாக வைத்து வேலை செய்யுங்கள் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. அந்தக் கெடு வந்து போய்விட்டது.

இன்னொரு செய்தி. கேமராவைவிட்டு வெளியேறிய நாடா, காப்பகத்தில் இன்றும் வாழ்கிறது. 2000-ல் வந்த எல்டிஓ என்ற கணினி நாடாவின் முதல் தலைமுறை 100 ஜிபி கொண்டது. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்ளும். பெரிய ஸ்டுடியோக்களும் தொலைக்காட்சிகளும் கார்டில் எடுத்த காட்சிகளைக் கடைசியில் இதில்தான் எழுதி வைக்கின்றன. இதிலும் எழுதிவிட்டு மறந்துவிட முடியாது. புதிய இயந்திரங்கள் மிகப் பழைய தலைமுறை நாடாவைப் படிக்காது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வீட்டில் விஎச்எஸ், மினிடிவி கேசட்டுகள் இருந்தால், ஓட்டும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கும்போதே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். கல்யாணத்துக்கு வீடியோக்காரரை அமர்த்தும்போது விலை பேசுவதோடு நிறுத்தாமல், எத்தனை நகல் எடுப்பீர்கள், எடிட் செய்யாத முழுக் காட்சிகளை எங்களுக்குக் கொடுப்பீர்களா, எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவர் தனியாகக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். உங்கள் கைக்கு வந்ததை இரண்டு டிஸ்குகளில் ஏற்றி, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து பாருங்கள். யார், எங்கே, எப்போது என்பதை ஃபைலின் பெயரிலேயே எழுதுங்கள். பாட்டியின் பெயர் எழுதாத காட்சியில் பாட்டி யாரென்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பில்லில் கேமராவுக்கு ஒரு வரி, லைட்டுக்கு ஒரு வரி, ஆல்பத்துக்கு ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்புக்கும் ஒரு வரி சேருங்கள். அந்த வேலைக்கு ஓர் ஆளைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அவர் சரிபார்த்துச் சொல்லும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள். படம் பிடிக்கும் வேலை அவர் கையில்தான் முடிகிறது.