மோட்டாரின் வேகமும் அளவறிந்த திருத்தமும்



இயந்திரம் தடுமாறும்போது பிறர் வந்து சீர்செய்யக் காத்து நிற்கும் நிலை நம் இளைஞர்க்கு வேண்டா. ஆதலின் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சில சொல்வேன்.

சுமை ஏறினால் மின்மோட்டாரின் வேகம் குறையும். வேகமானி அதனை அளந்து தெரிவிக்கும். கட்டுப்பாட்டுக் கருவி நாம் விரும்பும் வேகத்தோடு ஒப்பிட்டு, குறைவுக்கேற்ப மின்னோட்டத்தைக் கூட்டும். இதுவே பின்னூட்டம்.

திருத்தம் குறைந்தால் வேகம் மீளத் தாமதமாகும். மிகுந்தால் ஏறியும் இறங்கியும் அலைபாயும். நீராவிப் பொறிகளின் வேகச் சீராக்கிகளில் தோன்றிய இத்தகைய அலைவை 1868-இல் மாக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்தார். 1942-இல் ஜீக்லர், நிக்கல்ஸ் இருவரும் அளவு காணும் வழி வகுத்தனர். திருத்தத்தின் வலிமையைச் சிறிது சிறிதாக உயர்த்துக, அலைவு தேயாமலும் வளராமலும் நிலைக்கும் எல்லையைக் குறித்துக்கொள்க, அதில் 0.45 பங்கை வைத்துக்கொள்க. எஞ்சும் சிறு பிழையை, பிழைகளைத் தொகுத்துத் திருத்தும் பகுதி போக்கும். அதற்குரிய காலம், ஓர் அலைவின் நேரத்தை 1.2-ஆல் வகுத்தால் கிடைக்கும். இவை தொடக்க அளவுகளே; ஓட்டிப் பார்த்து நுணுக்கமாகத் திருத்துதல் வேண்டும்.

மோட்டாரில் மின்னோட்ட வளையத்தை முதலில் சீர்செய்க. வேக வளையத்தைப் பின்னர்த் தொடுக. உள்வளையம் விரைந்து கீழ்ப்படியாவிடில் வெளிவளையம் அமைதியுறுதல் அரிது. இவ்வரிசையை அறிந்த இளைஞனைத் தொழிற்கூடம் தேடி வரும்.