புயல் போனாலும் உப்பு போகவில்லை



நம் செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசத்து இளைஞர்கள் வேலை செய்வதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் நாட்டின் தென்மேற்குக் கடலோரத்தைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

அங்கே நிலம் மிகத் தாழ்வு. ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்கும். மண்கரைகள்தாம் அதை வயலுக்குள் வராமல் தடுக்கின்றன. 2009 மே மாதம் ஐலா புயல் அடித்தபோது குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் அந்தக் கரைகள் பல உடைந்தன. உடனே கட்ட முடியவில்லை. நாளுக்கு இருமுறை உப்புநீர் வந்து போயிற்று. சில ஊர்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு இதே கதை. மக்கள் கரைமேலேயே குடிசை போட்டுக் காலம் கழித்தார்கள்.

உப்பேறிய மண்ணில் நெல் சரியாக விளையாது. குளத்து நீர் வாயில் வைக்க உதவாது. பெண்கள் குடத்தோடு நல்ல தண்ணீர் தேடி நெடுந்தூரம் நடந்தார்கள். மாட்டுக்குப் புல் இல்லை. மாடு விலைக்குப் போயிற்று. அப்புறம் கடன். கடன் என்ற சொல்லுக்கு நம் தாய்மார்களிடம் நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை. வயல்கள் சில இறால் குட்டைகளாயின. நெல்லுக்கு வேண்டிய ஆட்கள் இறாலுக்கு வேண்டாம். ஆகவே கூலி வேலையும் குறைந்தது. ஆண்கள் நகரத்தில் ரிக்‌ஷா மிதிக்கவும், செங்கற்சூளையில் வேலை செய்யவும் போனார்கள்.

அந்நாடு கைகட்டி இருந்துவிடவில்லை. 1970-ஆம் ஆண்டுப் புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கு. 1972 முதல் தொண்டர்கள் ஊர் ஊராய் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். புயல் காப்பகங்களும் எழுந்தன. 2020-இல் அம்பான் புயல் வருமுன் இருபது லட்சம் பேருக்கு மேல் அகற்றப்பட்டார்கள். அந்நாட்டில் இறந்தவர் நூற்றுக்கும் குறைவே. உயிரைக் காத்தார்கள். ஆனால் வயலைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஓட முடியுமா?

புயல் அங்கே புதிதன்று. புதியது என்னவென்றால், நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் உலகம் சூடேறுகிறது. சூட்டில் கடல்நீர் விரிகிறது, பனிமலை உருகிக் கடலில் சேருகிறது. கடல்மட்டம் உயர உயர, புயலலை இன்னும் உள்ளே வருகிறது. உலகத்தின் அந்தப் புகையில் வங்காளதேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இவ்வாறு இழந்த நாடுகளுக்கென ஒரு நிதி அமைக்க, 2022-இல் எகிப்தில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. பணம் மெதுவாகத்தான் வருகிறது. இதற்கிடையில் அந்நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் உப்பைத் தாங்கும் நெல் வகைகளைத் தந்திருக்கிறது. வீட்டோரம் மழைநீர்த் தொட்டி வைப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள், அதை வாங்கப் பணம் உள்ள வீடுகளில்.