இலைத்துளையின் பிறப்பு: பிரிதலும் அடையாளமும்



தாவரவியல் கற்பிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓர் ஆசிரியரின் நினைவில் அமைந்தது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. எனவே வகுப்பறையில் எழ வேண்டிய ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். பாடநூல்களில் செல் பகுப்பு ஓர் அத்தியாயம். செல்கள் வேறுபாடடைவது இன்னோர் அத்தியாயம். இலையில் இவை அப்படித் தனித்தனியாகத்தான் நடக்கின்றனவா?

தாவரச் செல் சுவருக்குள் வாழ்வது. பிறந்த இடத்தைவிட்டு நகராது. எப்போது பிரிகிறது, குறுக்குச்சுவரை எங்கே எழுப்புகிறது என்பதைப் பொறுத்தே அதன் அண்டைச் செல்கள் அமையும். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸின் இலைப் புறத்தோலில் இதைத் தெளிவாகக் காணலாம். ஒரு முன்னோடிச் செல் சமமற்ற இரு செல்களாகப் பிரிகிறது. சிறியது மெரிஸ்டெமாய்டு. அது மேலும் சிலமுறை சமமற்றுப் பிரிந்து, பிறகு காப்புத் தாய்ச்செல்லாகிறது. தாய்ச்செல் ஒரே ஒருமுறை, இம்முறை சமமாகப் பிரிய, இரு காப்புச் செல்களும் நடுவே துளையும் உருவாகின்றன.

இந்த மூன்று கட்டங்களுக்கும் மூன்று மரபணுக்கள் உண்டு: ஸ்பீச்லெஸ், மியூட், ஃபாமா. முதல் இரண்டின் பணியை டொமினிக் பெர்க்மன், கெய்கோ டோரி ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் 2007இல் வெளியிட்டன. ஸ்பீச்லெஸ் இல்லையேல் முதல் பிரிவே நிகழாது. மியூட் இல்லையேல் மெரிஸ்டெமாய்டு பிரிந்து பிரிந்து, துளை எதையும் தராமல் ஓய்ந்துவிடும்.

ஃபாமாவை இழந்த செடிதான் என்னை வெகுநேரம் நுண்ணோக்கியோடு கட்டிப்போடும். அங்கே தாய்ச்செல் ஒருமுறையோடு நிற்பதில்லை. ஒடுங்கிய செல்கள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகின்றன, அவற்றில் ஒன்றுகூடக் காப்புச் செல்லாவதில்லை. இதற்கு நேரெதிரான காட்சியும் உண்டு. பிரிதலுக்கு வேண்டிய சிடிகேபி1 என்ற நொதியின் செயலைத் தடுத்தால், தாய்ச்செல் பிரியாமலே சிறுநீரக வடிவம் கொண்ட ஒற்றைக் காப்புச் செல்லாகிவிடுகிறது. முன்னதில் பிரிதல் உண்டு, அடையாளம் இல்லை. பின்னதில் அடையாளம் உண்டு, பிரிதல் இல்லை. ஆக, இவை இரண்டும் வேறுவேறு செயல்கள்தாம். அப்படியானால் இயல்பான இலையில் இரண்டும் பிசகாமல் ஒன்றுசேர்வது எப்படி?

விடை மியூட்டிடம் இருக்கிறது. தாய்ச்செல்லுக்கு அடையாளம் தரும் இதே புரதம், பிரிதலை முடுக்கும் சைக்ளின் மரபணுக்களையும் நேரடியாகத் தூண்டுகிறது. கூடவே ஃபாமாவையும் தூண்டுகிறது. சற்றுத் தாமதித்து எழும் ஃபாமா அந்தச் சைக்ளின்களை அடக்குகிறது. இந்த இடைவெளிக்குள் ஒரு பிரிதலுக்குத்தான் நேரம். 2018இல் டோரி குழுவினர் இதை விளக்கினார்கள். தொடங்கும் ஆணையோடு நிறுத்தும் ஆணையையும் ஒரே புரதம் அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான ஒன்றைச் செல்லியலில் நான் படித்ததில்லை.

வேகத்திலும் சங்கதி இருக்கிறது. மியூட் தூண்டும் எஸ்எம்ஆர்4 என்ற புரதம் செல் சுழற்சியை மெதுவாக்குகிறது. சமமற்ற பிரிதலைவிட இறுதிச் சமப் பிரிதல் நிதானமாக நடக்கிறது. அந்த நிதானத்தைச் சமமற்ற பிரிதலின் கட்டத்திலேயே செயற்கையாகத் திணித்தால், காப்புச் செல்களே புறத்தோல் செல்களைப்போல நெளிந்த விளிம்போடு வளர்கின்றன. 2022இல் வெளிவந்த இந்த முடிவை மாணவர்கள் மூலக் கட்டுரையிலேயே படிக்க வேண்டும்.

துளை உருவானதோடு காவல் முடிவதில்லை. ஃபாமா, ஆர்பிஆர் என்னும் புரதத்தோடு இணைந்து, ஸ்பீச்லெஸ் உள்ளிட்ட தொடக்கநிலை மரபணுக்களை அடக்கியே வைக்கிறது. மனிதரில் விழித்திரைப் புற்றுநோயைத் தடுக்கும் புரதத்தின் தாவர உறவே இந்த ஆர்பிஆர். இவ்விரண்டின் பிணைப்பை அறுத்தபோது, முதிர்ந்த காப்புச் செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கின. ஓர் இலைத்துளைக்குள்ளேயே இன்னோர் இலைத்துளை உருவானதை 2014இல் வெளியான ஆய்வுகள் காட்டின.