வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் வரிவிலக்கு



லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டிலேயே வளர்ந்தவர்கள் நம்முள் பலர். வேலை உள்ள வரையில் அந்தக் கூரை நமக்கு. ஓய்வு பெற்றபின் அது தோட்ட நிருவாகத்திற்கு. ஆகவேதான், ஊழியர் சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் ஒன்றுசேர்த்து, தாமானில் ஒரு வீடு வாங்குவது தோட்டத்துக் குடும்பங்களின் பெருமுயற்சியாக இருந்து வருகிறது. அவ்வாறு வாங்கிய வீட்டை நோயின் பொருட்டோ, பிள்ளைகளின் படிப்பின் பொருட்டோ விற்க நேரிடலாம். அந்நேரத்தில் சட்டம் தரும் சலுகையொன்றை அறியாமையால் இழந்துவிடக் கூடாது. அதனைப் பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

நிலத்தையோ வீட்டையோ வாங்கிய விலைக்கு மேல் விற்றால், அந்த ஆதாயத்தின்மீது வரி உண்டு. 1976ஆம் ஆண்டின் சட்டம் இதனை விதிக்கிறது. பாரங்களில் ‘சுக்காய் கெஉந்துங்ஙான் ஹர்த்தா தானா’ என்று காண்பீர்கள். வாங்கிய கையோடு விற்று இலாபம் தேடும் பேரத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆகவே, விரைந்து விற்போருக்கு வரி மிகுதி. மலேசியக் குடிமக்கள் வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 30 விழுக்காடு. நான்காம் ஆண்டில் 20. ஐந்தாம் ஆண்டில் 15. ஐந்து ஆண்டுகள் கடந்தபின் விற்போருக்கு, 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து இவ்வரி இல்லை.

“பேரம் பேசும் எண்ணமின்றி, குடியிருந்த ஒரே வீட்டை விற்பவனும் வரி கட்ட வேண்டுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே சட்டம், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குடியிருப்பு வீட்டு விலக்கு என்ற ஒன்றை அளித்துள்ளது. ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு வீட்டின் விற்பனைக்கு இந்த விலக்கைக் கோரலாம். கோரிக்கை எழுத்து மூலமாக இருத்தல் வேண்டும். கோரியபின் மாற்ற இயலாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 220,000 வெள்ளிக்கு வாங்கிய வீட்டை ஒருவர் நான்காம் ஆண்டில் 270,000 வெள்ளிக்கு விற்கிறார். செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆதாயம் 50,000 வெள்ளி. சட்டப்படி 10,000 வெள்ளி கழிக்கப்படும். எஞ்சிய 40,000 வெள்ளிக்கு 20 விழுக்காடு, அதாவது 8,000 வெள்ளி வரி. விலக்கைக் கோரினாலோ ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு 8,000 வெள்ளி சிறு தொகையன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு முறை மட்டுமே கிடைக்கும் இந்த உரிமையைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கடந்த வீட்டிற்கு இப்போது வரியே இல்லை. அதற்கு விலக்கு எதற்கு? அன்பின் நிமித்தம் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ வீட்டை எழுதிவைக்கும் குடிமக்களுக்கும் ஆதாயம் இல்லையென்றே சட்டம் கொள்கிறது. அங்கும் விலக்கு வேண்டியதில்லை. தரகர் நீட்டும் பாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாமல், “இதில் என் விலக்கைக் கோருகிறீர்களா?” என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

விற்பனை நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்குக் கணக்கு அனுப்ப வேண்டும். 2025 முதல் விற்பவரே வரியைக் கணக்கிட்டுக் காட்டும் முறை நடப்பில் உள்ளது. படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு உதவலாம். வாங்கிய ஒப்பந்தம், வழக்கறிஞர் கட்டண இரசீது, வீட்டைப் பெரிதாக்கிய செலவுச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். நிலவரியும் ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டு வரியும் வேறு. அவற்றை வழக்கம்போல் செலுத்தியாக வேண்டும்.

வியர்வை சிந்திச் சேர்த்த வீடு அது. அதற்குரிய உரிமையை அறிந்து, காத்து, வேண்டிய வேளையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.